முதலில் வேலியை அடைத்துவிடுங்கள்: யாழ்ப்பாணத்தில் இருந்து பாதுகாப்புத் துறைத் திட்டங்களுக்குத் தகவல் பாதுகாப்பு ஆலோசகராக வேலை செய்வது எப்படி?

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "தகவல் பாதுகாப்பு" என்று முழுதாகச் சொல்வது என் பழக்கம். ஒருநாள் சோம்பலில் "பாதுகாப்பு வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டேன். கேட்டவர் கொக்குவிலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர். சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்தக் காம்ப் தம்பி?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லோடு வளர்ந்த ஊர் இது. இராணுவமும் பாதுகாப்புத்தான், கடவுச்சொல்லும் பாதுகாப்புத்தான். என் வேலையோ அந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பாதுகாப்புத் துறைகளுக்கு உதிரிப்பாகமோ மென்பொருளோ செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்கள் தங்கள் கணினிகளையும் கோப்புகளையும் ஒழுங்காகக் காக்கின்றனவா என்று பார்த்து, ஓட்டைகளைச் சொல்லி, அடைக்க உதவுவது. மாதச் சம்பளம் இல்லை. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பணம். "அண்ணை, இதுக்குள்ள எப்படி வாறது?" என்று கேட்ட தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

இங்கிருந்து இந்த வேலையைச் செய்பவர், தான் எதைப் பார்க்கக் கூடாது என்பதை வேலை தொடங்கும் முன்பே தீர்மானிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் படித்துக்கொள்ளலாம்.

படி 1: எந்த வேலையைத் தொடமாட்டீர்கள் என்று எழுதிவையுங்கள்

பிற ஊர்களில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. இங்கே இது இல்லாமல் தொடங்க முடியாது. பங்கருக்குள் ஒளிந்திருந்த பிள்ளைகள்தான் இன்று இந்த ஊரில் கணினிக்கு முன்னால் இருக்கிறார்கள். நீங்கள் ஓட்டை அடைத்துக்கொடுக்கும் பட்டறையில் செய்யப்படும் சாமான் எங்கே போய் என்ன செய்யும் என்ற கேள்வி ஒருநாள் இரவில் வரும். அது வேலையின் நடுவில் வந்தால் உங்களுக்கும் கஷ்டம், வாடிக்கையாளருக்கும் கஷ்டம்.

என் பட்டியல் சிறியது. வெடிப்பது, வெடிப்பதைக் குறிபார்க்க உதவுவது, இரண்டும் வேண்டாம். வானொலிக் கருவிக்கு உறை செய்பவர், படகுக்குப் பம்பு செய்பவர், பயிற்சி மென்பொருள் எழுதுபவர், இவர்களுக்குச் செய்வேன். உங்கள் கோடு வேறு இடத்தில் விழலாம். முழுத் துறையுமே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். அப்படியானால் இதே அறிவோடு வங்கி, மருத்துவமனை, காப்புறுதி என்று போகலாம், வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோட்டை விலை பேசுவதற்கு முன் போடுங்கள். டொலர் கணக்கைக் கேட்ட பிறகு போடும் கோடு நேராக இருக்காது.

படி 2: உங்களுக்குத் திறக்கும் கதவும் திறக்காத கதவும்

அரச இரகசியம் கையாளும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதை நீங்களாக விண்ணப்பித்து வாங்க முடியாது. ஒரு நிறுவனமோ அரசுத் திணைக்களமோ உங்களுக்காகக் கேட்க வேண்டும். பிரித்தானியாவின் எஸ்சி அனுமதிக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் பொதுவாகக் குடியுரிமையே கேட்பார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அந்தக் கதவைத் தட்டுவது நேரவிரயம். "கட்டணம் கட்டினால் அனுமதி எடுத்துத் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் அது ஏமாற்று, பதில் போடாமல் விடுங்கள்.

இரண்டாவது கதவு இன்னும் நுட்பமானது. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் ஐட்டார் விதிகளின்படி, ஆயுதப் பொருள் தொடர்பான தொழில்நுட்பத் தரவை அமெரிக்கர் அல்லாத ஒருவருக்குக் காட்டினாலே அது ஏற்றுமதி. கோப்பை அனுப்பத் தேவையில்லை, திரையைப் பகிர்ந்து காட்டினாலும் போதும். "நான் அவர்களுடைய மெய்நிகர் கணினிக்குள் போய்த்தானே பார்க்கிறேன், கோப்பு அமெரிக்காவை விட்டு வெளியே வரவில்லையே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கோப்பு வரவில்லை, சரி. அதில் உள்ள அறிவு உங்கள் கண் வழியாக கோண்டாவிலுக்கு வந்துவிட்டதே. திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்த கோப்புகளுக்கு 2020 மார்ச்சில் இருந்து ஒரு தளர்வு உண்டு. ஆனால் திறவுகோலை உங்கள் கையில் கொடுத்தால் அந்தத் தளர்வுக்கு அர்த்தமில்லை.

அப்படியானால் மிச்சம் என்ன? நிறையவே இருக்கிறது. கொள்கை ஆவணங்கள், தரம் கேட்பதற்கும் பட்டறையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி ஆய்வு, ஊழியர் பயிற்சி, துணை வழங்குநர்களின் கேள்விப்பட்டியல்களை ஆராய்வது, மதிப்பீட்டுக்குத் தயார்படுத்துவது. பெரிய பாதுகாப்பு நிறுவனங்களுக்குக் கீழே மூன்றாம், நான்காம் படியில் நிற்கும் முப்பது பேர்ப் பட்டறைகளுக்கு இதைச் செய்ய ஆளில்லை. அங்குள்ள ஆலோசனை நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தை எடுத்து, அதில் எழுத்துவேலையை உங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தரும். நமக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

படி 3: எதைப் படிப்பது

தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 27001 இல் தொடங்குங்கள். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். பழைய 2013 பதிப்பில் 114 இருந்தன. இது எந்த நாட்டிலும் செல்லும் பொதுமொழி. அதன் தலைமைத் தணிக்கையாளர் வகுப்பு வழக்கமாக 5 நாள்.

பிறகு எந்த நாட்டுச் சந்தை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்தானியா என்றால் 2014 இல் தொடங்கிய சைபர் எசென்ஷியல்ஸ் என்ற சான்றிதழ்த் திட்டம்: தீச்சுவர், பாதுகாப்பான அமைப்பு, இற்றைப்படுத்தல், பயனர் அணுகல், தீநிரல் தடுப்பு என்று ஐந்தே தலைப்பு. எளிதாகத் தெரியும், ஆனால் கடுமையான ஓட்டைகளுக்கான இற்றைப்படுத்தலை 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற ஒரு வரியில் பல பட்டறைகள் விழுந்துவிடும். அதற்கு மேலே அங்குள்ள பாதுகாப்பு அமைச்சின் டெஃப் ஸ்டான் 05-138 என்ற தரம். அவுஸ்திரேலியா என்றால் எசென்ஷியல் எய்ட் என்ற எட்டு அடிப்படைப் பாதுகாப்புகள். கனடா 2025 மார்ச்சில் தன் சொந்தச் சான்றிதழ்த் திட்டத்தை அறிவித்திருக்கிறது. ரொறன்ரோவில் உறவுகள் உள்ளவர்கள் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்கலாம்.

அமெரிக்கா என்றால் அந்நாட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-171 என்ற ஆவணம். அதன் மேல் கட்டப்பட்டதுதான் சிஎம்எம்சி, பாதுகாப்புத் திணைக்களம் தன் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கும் சான்றிதழ். முதல் நிலையில் 15 தேவைகள், இரண்டாம் நிலையில் 110, மூன்றாம் நிலையில் மேலும் 24. 2025 நவம்பர் 10 இல் இருந்து இது படிப்படியாக ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 800-171 இன் மூன்றாம் திருத்தம் 2024 மே மாதம் வந்தது, அதில் 97 தேவைகள். புதியதுதானே சரி என்று அதை மனப்பாடம் செய்துவிடாதீர்கள். சிஎம்எம்சி இரண்டாம் திருத்தத்தின் 110 இலேயே நிற்கிறது. கூடவே 800-171ஏ என்ற துணை ஆவணத்தை எடுங்கள். 110 தேவைகளையும் 320 சிறு கேள்விகளாக உடைத்திருப்பார்கள். மதிப்பீட்டாளர் கேட்பது அந்த 320 ஐத்தான். இந்த அமெரிக்க ஆவணங்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும். நோட்ஸ் விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

தகவல் பாதுகாப்பு வல்லுநருக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுபவம் இல்லாமல் பரீட்சையில் மட்டும் தேறினால் "அசோசியேட்" என்று இருக்கலாம். கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு முதல் வேலை கிடைத்தது சான்றிதழால் அல்ல, நான் எழுதிக் காட்டிய ஒரு மாதிரிக் கொள்கை ஆவணத்தால். இல்லாத ஒரு பட்டறையைக் கற்பனை செய்து, அதற்கு முழு ஆவணத் தொகுதி ஒன்றை எழுதிவையுங்கள். மூன்று மாதம் எடுக்கும், எடுக்கட்டும்.

படி 4: வேலை தேடும்போது மறைக்கக் கூடாத ஒன்று

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது. விபிஎன் போட்டு லண்டனில் இருப்பதுபோலக் காட்டி வேலை எடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது, தெரியாதது மாதிரி நடிக்க வேண்டாம். இந்தத் துறையில் அது தற்கொலைக்குச் சமம். வட கொரிய ஆட்கள் அமெரிக்கர்போல நடித்துத் தொலைவேலை எடுத்த வழக்குகளுக்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் சந்தேகத்தோடு இருக்கின்றன. அப்படி ஒரு வலைக்காகத் தன் வீட்டில் மடிக்கணினிகளை அடுக்கிவைத்து இயக்கிக்கொடுத்த அரிசோனாப் பெண் ஒருவருக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டுச் சிறை கிடைத்தது. 300 க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் அந்த வலையில் ஏமாந்திருந்தன.

முதல் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள்: நான் இலங்கைக் குடிமகன், யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்வேன், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள தரவைப் பார்க்க மாட்டேன், பார்க்கத் தேவையில்லாத இன்ன இன்ன வேலைகளைச் செய்து தருவேன் என்று. பத்துப் பேரில் ஏழு பேர் பதில் போடமாட்டார்கள். பதில் போடும் மூவருக்கும் நீங்கள் விதி தெரிந்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

உறவினர் வழி வேலை வருவதும் உண்டு. லண்டன் மாமா தன் முதலாளியிடம் சொல்லிவைப்பார். நல்லதுதான். ஆனால் மாமா வழி வந்த வேலைக்கும் ஒப்பந்தம் எழுத வேண்டும். "எங்கட ஆக்கள்தானே" என்று விட்ட இடத்தில்தான் என் முதல் இன்வொய்ஸ் ஐந்து மாதம் தூங்கியது.

படி 5: ஒப்பந்தம்

வேலிச் சண்டையில் வழக்காடிய குடும்பம் இல்லாத ஊர் இங்கே இல்லை. அரை முழக் காணிக்காக அப்பா தொடங்கிய வழக்கை மகன் நடத்துவான். காரணம், கதியால் நடும்போது யாரும் எழுதிவைக்கவில்லை. ஒப்பந்தத்திலும் அதேதான்.

நான் கட்டாயம் எழுதச் சொல்பவை: எந்த ஆவணங்களை எழுதித் தருவேன், எத்தனை முறை திருத்துவேன், எந்தத் தரவு எனக்கு அனுப்பப்படக் கூடாது, தவறி அனுப்பப்பட்டால் யாருக்கு எப்படி அறிவிப்பேன். கடைசி இரண்டும் வாடிக்கையாளரின் சட்டத்தரணிக்கு மிகவும் பிடிக்கும். அவருக்காகவே எழுதியதுபோல இருக்கும். உண்மையில் அது உங்களைக் காப்பதற்கு.

பணத்தை ஆவணம் கையளிப்பதோடு இணையுங்கள், சான்றிதழ் கிடைப்பதோடு இணைக்காதீர்கள். மதிப்பீட்டில் தேறுவது உங்கள் கையில் இல்லை. முதலாளி புதிய தீச்சுவர் வாங்க மறுத்தால் நீங்கள் என்ன செய்ய முடியும்? அப்புறம், தயார்படுத்தியவரே மதிப்பிடக் கூடாது என்பது சிஎம்எம்சியின் விதி. ஆகவே "தேறும்" என்று வாக்குக் கொடுக்கும் ஆலோசகர் தன் கையில் இல்லாததை விற்கிறார்.

இடைவெளி ஆய்வுக்கு மொத்த விலை பேசலாம், அதன் அளவு முன்பே தெரியும். திருத்த வேலைக்கு நாள் விலை பேசுங்கள், அது ஒருபோதும் சொன்ன நாளில் முடியாது. தொழில்சார் காப்புறுதி கேட்பார்கள். இங்கிருந்து தனியாளாக அதை எடுப்பது சுலபமில்லை. மேலே உள்ள ஆலோசனை நிறுவனத்தின் காப்புறுதிக்குள் துணை ஒப்பந்தக்காரராக உங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

தாக்குபவர்போல உள்ளே புகுந்து பார்க்கும் ஊடுருவல் சோதனை செய்யச் சொன்னால், கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு போர்ட்டைக்கூடத் தட்டாதீர்கள். இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாத அணுகலைக் குற்றமாக்குகிறது.

படி 6: அறையும் கணினியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கென்று தனி மடிக்கணினி, அதில் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு நடக்கக் கூடாது. வட்டு முழுதும் குறியாக்கம். வீட்டு வைஃபையில் வேலைக்குத் தனி வலையமைப்பு. விருந்தாளிக்குக் கொடுக்கும் கடவுச்சொல் வேறாக இருக்கட்டும். பைபர் இணைப்புக்குப் பின்னால் ஒரு 4ஜி டொங்கிள். கரண்ட் போனால் கணினிக்கு மின்கலம் இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. அதற்கும் ஒரு சிறு யூபிஎஸ் வாங்குங்கள். கதவு பூட்டக்கூடிய அறை. யாழ்ப்பாண வீடுகளில் நடுப்பகலில் யாராவது படலையைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்து உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். அன்புதான், ஆனால் திரையை மூடுங்கள்.

லண்டனோடு கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம், சமாளிக்கலாம். வாஷிங்டனோடு ஒன்பதரையும் பத்தரையும். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் உங்கள் இராச்சாப்பாடு கூட்டத்துக்குள்தான்.

படி 7: வேலையைச் செய்வது

இங்கேதான் ஆலோசகருக்கும் படிவம் நிரப்புபவருக்கும் வித்தியாசம் தெரியும். 110 தேவைகளை முதல் வரியில் இருந்து கேட்டுக்கொண்டு போகாதீர்கள். முதலில் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பாதுகாக்க வேண்டிய தகவல் பட்டறைக்குள் எப்படி வருகிறது, யார் கையில் போகிறது, எங்கே முடிகிறது?

நான் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "உதிரிப்பாகத்தின் வரைபடத்தைக் காட்ட வேண்டாம், வரைபடம் போகும் வழியைக் காட்டுங்கள்." பட்டறை முதலாளி முதலில் சொல்வார், மின்னஞ்சலில் வருகிறது, சேர்வரில் வைக்கிறோம், அவ்வளவுதான் என்று. பிறகு மெதுவாகத் தோண்டினால் வெளியே வரும். விலைக்கணிப்பாளர் அதைத் தன் மடிக்கணினிக்கு இறக்குகிறார். அவர் வீட்டிலும் வேலை செய்வார். அங்கிருந்து யூஎஸ்பியில் கடைசல் இயந்திரத்துக்குப் போகிறது. அந்த இயந்திரத்தின் கணினி பழைய விண்டோஸ், இற்றைப்படுத்தினால் இயந்திரம் நின்றுவிடும். ஒரு பிரதி அச்சாகி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டப்படுகிறது. வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டிக்கு. தொட்டியை எடுப்பது யார்? "அது நகரசபை." சரி, ஓட்டை அங்கே.

வேலியில் ஆள் நுழையும் பொட்டு எங்கே என்று வளவுக்காரரைக் கேட்டால் "எங்கட வேலியில பொட்டே இல்லை" என்பார். பக்கத்து வீட்டுக் கோழிக்குத் தெரியும். அதனால் முதலாளியோடு மட்டும் பேசாமல் விலைக்கணிப்பாளர், இயந்திரம் இயக்குபவர், கூட்டித் துடைப்பவர் வரை பேசுங்கள். காணொளியில் பட்டறையைச் சுற்றிக் காட்டச் சொல்வதானால், சுவரிலும் மேசையிலும் உள்ள வரைபடங்களை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் படி 2 இல் பூட்டிய கதவு கைபேசிக் கமெரா வழியாகத் திறந்துவிடும்.

வழி தெரிந்ததும் அதைச் சுருக்குங்கள். எல்லாக் கணினியையும் காப்பதைவிட, வரைபடம் நாலே கணினிக்குள் மட்டும் இருக்கும்படி மாற்றினால் செலவு பாதியாகும். சின்னப் பட்டறைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது. புதிய கருவி வாங்கச் சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அதன் பிறகுதான் தேவைகள் ஒவ்வொன்றாக. 800-171 க்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வைத்திருக்கும் மதிப்பெண் முறையில் 110 இல் இருந்து கழித்துக்கொண்டே வருவார்கள், குறைபாட்டுக்கு 1, 3 அல்லது 5. எல்லாமே இல்லாவிட்டால் -203 வரை கீழே போகும். முதல் ஆய்வில் மறை எண் வருவது வழக்கம், முதலாளி அதிர்ச்சியடைவார், முன்பே சொல்லிவையுங்கள். எளிதில் இழக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பல்காரணி உறுதிப்படுத்தல், அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது, எங்கும் இல்லாதது: 5 போய்விடும். மற்றது குறியாக்கம். நல்ல குறியாக்கம் இருந்தும் அது ஃபிப்ஸ் என்ற அமெரிக்க அரசுத் தரத்தின் சான்று பெற்ற தொகுதி இல்லையென்றால் 3 போகும். "ஆனால் இது வலுவான குறியாக்கம்தானே" என்று வாதாடிப் பயனில்லை.

முறைமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற ஆவணம் இல்லையென்றால் மதிப்பெண் கணக்கிடவே முடியாது. பலர் அதை வார்ப்புருவில் இருந்து எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடிப்பார், ஏனென்றால் பட்டறையில் இல்லாத தரவு மையம் ஒன்று அதில் இருக்கும். பட்டறையில் நடப்பதை எழுதுங்கள், நடக்காததைக் குறைபாடாக எழுதுங்கள். குறைகளை எப்போது யார் சரிசெய்வார் என்ற பட்டியலுக்குத் தொழிலில் "போவாம்" என்பார்கள். சிஎம்எம்சி இரண்டாம் நிலையில் குறைந்தது 88 மதிப்பெண் இருந்தால்தான் நிபந்தனையோடு தேறலாம், மிச்சத்தை 180 நாளுக்குள் முடிக்க வேண்டும். எல்லாத் தேவையையும் அந்தப் பட்டியலில் தள்ளிவைக்கவும் முடியாது.

நான் நிரப்பிய திட்டம் அவர்களுடைய கணினியிலேயே இருக்கும். இங்கே என்னிடம் இருப்பது வெற்று வார்ப்புரு மட்டும். வலையமைப்பு வரைபடம், தீச்சுவர் அமைப்பு, பதிவேடுகள் இவையும் எதிரிக்கு வழிகாட்டிதான். உதிரிப்பாக வரைபடம் அல்ல என்பதற்காக அவற்றை உங்கள் ஜிமெயிலில் போட்டுவைக்காதீர்கள்.

மதிப்பெண்ணை உயர்த்திப் போடச் சொல்வார்கள். நேரடியாகக் கேட்கமாட்டார்கள், "இதை நடைமுறையில் உள்ளது என்றே போடலாமே, அடுத்த மாதம் செய்துவிடுவோம்" என்பார்கள். போடாதீர்கள். 2025 மார்ச்சில் மோர்ஸ்கோர்ப் என்ற மசாச்சுசெட்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 4.6 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட மதிப்பெண் 104. வெளி ஆலோசகர் ஒருவர் பார்த்துச் சொன்னது -142. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் மாதக்கணக்கில் பழைய எண்ணை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அந்த -142 ஐச் சொன்ன ஆளின் இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எண்ணை எழுத்தில், திகதியோடு, மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

படி 8: வரக் கூடாத கோப்பு வந்துவிட்டால்

வரும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்தது. கொள்கை ஆவணங்கள் என்று பெயரிட்ட ஒரு ஸிப் கோப்பு. திறந்ததும் உள்ளே இருந்த கோப்புப் பெயர்களில் ஒன்றில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை. கை தானாக டிலீட் பொத்தானுக்குப் போனது.

அழிக்காதீர்கள். திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், "இது என்ன என்று பாருங்கோ" என்று நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். கணினியை இணையத்தில் இருந்து துண்டியுங்கள், முகில் ஒத்திசைவு ஓடினால் அதையும் நிறுத்துங்கள். வந்த நேரம், பார்த்தது என்ன, பார்க்காதது என்ன என்று தாளில் எழுதுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் பெயர் குறித்த ஆளைத் தொலைபேசியில் அழையுங்கள். மின்னஞ்சலில் அறிவிப்பதானால் அந்தக் கோப்பு இணைந்த மடலுக்கே பதில் போடாமல் புதிய மடல் எழுதுங்கள்.

அழிப்பதும் வைத்திருப்பதும் அவர்கள் எழுத்தில் சொன்னபடி. அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்களுக்கு இணையத் தாக்குதல் சம்பவத்தைத் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை உண்டு, பாதிக்கப்பட்ட கணினிகளின் பிம்பத்தை 90 நாள் பாதுகாக்க வேண்டும். ஏற்றுமதி மீறலை அறிவிப்பது வேறு பாதை. எது எந்தப் பாதை என்று தீர்மானிப்பது அவர்களுடைய சட்டத்தரணியின் வேலை. நீங்கள் முந்திக்கொண்டு அழித்தால் அவர்களுடைய சான்றை அழித்தவர் ஆகிறீர்கள். அன்றைக்கு என் மடிக்கணினி எட்டு நாள் மேசையில் மூடிக் கிடந்தது. அந்த எட்டு நாளுக்கும் நாள் விலை கேட்டேன், தந்தார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது.

படி 9: காசு

அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்பார். பயப்பட வேண்டாம், நீங்கள் அமெரிக்கர் அல்லாதவர் என்று சொல்லும் படிவம் அது. வேலையை அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்வதால் 30 சதவீதம் பிடிக்கத் தேவையில்லை என்று கணக்காளருக்கு விளங்கப்படுத்துங்கள், சிலருக்குத் தெரியாது.

வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஸ்விஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பணம் எடுங்கள். இன்வொய்ஸில் "வங்கிக் கட்டணம் முழுதும் அனுப்புபவருக்கு" என்று எழுதாவிட்டால் நடுவில் உள்ள வங்கி தன் பங்கை வெட்டிக்கொள்ளும். வியாபாரப் பெயரில் செய்வதானால் பிரதேச செயலகத்தில் பதிவு.

வரி இலக்கம் எடுங்கள். 2025 ஏப்ரல் 1 இல் இருந்து, வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்த வருமானத்துக்கு உச்சவரி 15 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விலக்கு. உதாரணமாக ஆண்டு வருமானம் 48 இலட்சம் என்றால் வரிக்குரியது 30 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம் 60,000, மிச்சம் 20 இலட்சத்துக்கு 15 சதவீதம் 3 இலட்சம், மொத்தம் 3,60,000 ரூபா. வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த காசுக்கு இந்தச் சலுகை இல்லை, வாடிக்கையாளருக்குக் காட்டக் கணக்கும் இல்லை. தவணை ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதி. ஆண்டு விவரத்திரட்டு நவம்பர் 30.

படி 10: முடித்து வெளியேறுவது

கடைசி ஆவணத்தைக் கொடுத்ததும் உங்கள் கணக்குகள் அனைத்தையும் மூடச் சொல்லுங்கள். அவர்கள் மறப்பார்கள், இரண்டு கிழமை கழித்து உள்நுழைந்து பார்க்காமல், "மூடியாயிற்றா?" என்று எழுதிக் கேளுங்கள். உங்களிடம் உள்ள வரைவுகளை அழித்து, எதை எப்போது அழித்தேன் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். ஒப்பந்தம், இன்வொய்ஸ், அந்தக் கடிதத்தின் பிரதி, மதிப்பெண்ணை அறிவித்த மின்னஞ்சல், இவற்றை மட்டும் வைத்திருங்கள்.

அடுத்த வேலைக்கு அனுபவத்தை எப்படிச் சொல்வது? வாடிக்கையாளரின் பெயரைப் போடாமல், எழுத்தில் அனுமதி கேட்டு ஒரு வாக்கியத்தை இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். என்னுடைய ஒன்று இப்படி இருக்கிறது: "முப்பது ஊழியர் கொண்ட பொறியியல் பட்டறை ஒன்றுக்கு இடைவெளி ஆய்வும் முறைமைப் பாதுகாப்புத் திட்டமும்; ஐந்து மாதம்." கொக்குவில் கடைக்காரருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவேண்டி வந்தது. "கொம்பியூட்டருக்குப் பூட்டுப் போடுற வேலை, ஐயா" என்றேன். "அப்ப சரி" என்று சீனியைக் கட்டித் தந்தார்.